உள்ளே இருவர், வெளியே ஒருவர்

என் அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் சீட் கவர்காரர். எந்த வண்டி வந்து நின்றாலும் முதலில் இருக்கையை ஒரு தடவு தடவிப் பார்ப்பார், பிறகுதான் வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பார். கடையில் இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க ரெக்சின் சுருள்கள், தரையெல்லாம் பஞ்சு. இருபத்தோரு வருடமாக அவர் அக்காவோடு பறவைப் படம் எடுக்கப் போகிறார். இத்தனை வருடத்தில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. அதைவிட வேடிக்கை, அக்கா எடுத்த பறவைகளில் முக்கால்வாசியை அவர் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. அவருடைய வேலை திரும்பிப் போவது.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். நானே முதலில் கேட்டபோது, இது என்ன கூத்து என்று சிரித்தவள்தான்.

கூடு கட்டியிருக்கும் பறவை யாரையும் நம்பாது. நீங்கள் ஒரு கூடாரம் அடித்து உள்ளே போய் உட்கார்ந்தால், அது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். நீங்கள் மூச்சை அடக்கினாலும், கொட்டாவியை அடக்கினாலும், அது வராது. ஆனால் இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் மட்டும் வெளியே வந்து நடையைக் கட்டினால், வந்த ஆள் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பி வந்து முட்டையில் உட்காரும். பறவைக்குக் கணக்கு வராது. அக்கா உள்ளே இருப்பவள், மாமா போகிறவர்.

திரும்பி வருவதும் இப்படித்தான். மாமா மறுபடி கூடாரத்துக்கு வந்து கூட்டிப் போகும்வரை அக்கா வெளியே தலை காட்டக் கூடாது. யாருமே இல்லாத கூடாரத்திலிருந்து திடீரென்று ஒரு மனுஷி எழுந்து வந்தால், அந்தத் துணி மூட்டை ஆளைப் பெற்றுப் போடும் என்று பறவை தெரிந்துகொள்ளும். அப்புறம் அந்தப் பக்கமே வராது, கூட்டைக் கைவிட்டாலும் விடும். ஆகவே மாமா வராமல் அக்கா வெளியே வந்ததே இல்லை. ஒரு முறை கூடாரத்துக்குள் சாரைப்பாம்பு வந்தபோதுகூட, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாளே தவிர வெளியே வரவில்லை.

இந்த வித்தையை மாமா தானாகத்தான் கண்டுபிடித்தார். கல்யாணமான முதல் வருடம், ஏரிக் கரையில் அக்கா மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. பாவம் பசிக்குமே என்று இவர் டீ பிளாஸ்க்கை உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். ஐந்தே நிமிடத்தில் பறவை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார்கள். மாமாவுக்கு ‘ஏன்’ என்று ஒரு வியாதி உண்டு. அடுத்த வாரமும் பிளாஸ்க்கோடு போனார், அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது வாரம் பிளாஸ்க் காலியாகவே போனதாம். பின்னால் அக்கா ஒரு புத்தகத்தில் படித்தாள், இதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்று. மாமாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

ஆனால் வியாதி போகவில்லை. பறவைக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சரி. எது வரைக்கும் தெரியாது? காக்கைக்கு? பக்கத்து டயர் கடையின் பின்பக்கம் மரத்தில் காக்கைக் கூடு இருந்தது. மாமா கூடாரத்தை அதன் கீழே அடித்து, டயர் கடைக்காரரையும் சேர்த்து மூன்று பேர் உள்ளே போய், இரண்டு பேர் வெளியே வந்தார்கள். காக்கை கூட்டுக்குத் திரும்பவில்லை. நாலு பேர் போய் மூன்று பேர் வந்தார்கள். அதற்கும் திரும்பவில்லை. என்னையும் வரவழைத்து ஆறு பேரை உள்ளே அடைத்து, டயர் கடைக்காரரை மட்டும் விட்டுவிட்டு நாங்கள் ஐந்து பேரும் வெளியே வந்தபோது அது ஏமாந்தது. “காக்காவுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியும், அஞ்சாவதுல குழம்பிடுது” என்று மாமா தீர்ப்புச் சொன்னார். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மாமா தைத்த ரெக்சின் கூடாரத்துக்குள் ஆறு பேர் வியர்த்து நின்றது மட்டும் உண்மை.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க மற்றவர்களிடம் “மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று சொல்லிச் சொல்லி, படம் எடுக்கும்போது அவளுக்கே மூச்சு நின்றுவிடும். அவளிடம் நிறைய விதிகள் உண்டு. கூட்டை மறைக்கிறது என்று ஒரு புல்லைக்கூட ஒதுக்க மாட்டாள். அந்தப் புல்தான் குஞ்சுக்கு நிழல், அதுதான் காக்கையிடமிருந்து மறைப்பு. போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க மாட்டாள். கூடாரத்தை ஒரே நாளில் கிட்டத்தில் கொண்டுபோய் வைக்க மாட்டாள், நாளுக்குப் பத்தடி என்று ஒரு வாரம் நகர்த்துவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கூடு எங்கே இருக்கிறது என்று வெளியாள் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

மாமாவுக்கு அந்தப் படங்கள் மேல் வேறு விதமான ஆசை. அக்கா வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டதும், இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பறவையின் கண்ணை மட்டும் பார்ப்பார். நல்ல படம், கெட்ட படம் என்றெல்லாம் பார்க்க மாட்டார். முதல் அரை மணி நேரப் படங்களில் பறவை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. அக்காவுக்கு அது எரிச்சல், அதையெல்லாம் அழித்துவிடப் போனாள்.

“இரு இரு. அது எதைப் பாக்குது?” என்று கேட்டார் மாமா.

“வேற எதை? உங்களத்தான். நீங்க போறதப் பாக்குது.”

அன்றைக்கு மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படத்தில் எங்குமே இல்லாத அவரை அத்தனை பறவைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாளிலிருந்து போகும்போது அடிகளை எண்ண ஆரம்பித்தார். எந்த இடத்துக்குப் போனபோது பறவையின் கண் அவரை விட்டுத் திரும்பியது என்று படத்தின் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார். கடைச் சுவரில் துணி வெட்டும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்: நாரை 260, மீன்கொத்தி 90, ஆள்காட்டி 400, அதற்கு அடுத்து ‘நம்பவே நம்பாது’. வண்டிக்காரர்கள் அது சீட் அளவு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நாங்கள் அவரைக் கிண்டல் செய்வதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். “மாமா, ஒரு பக்கம் நீங்க விழுந்து கெடக்கீங்க, இன்னொரு பக்கம் கூட்டுல பறவை உக்காந்திருக்கு. அக்கா எந்தப் பக்கம் ஓடுவா?” அவர் சிரித்துக்கொண்டே, “முதல்ல பறவையை எடுத்துட்டு, வெளிச்சம் நல்லா இருந்தா என்னையும் ஒண்ணு எடுப்பா” என்பார். அக்கா மறுக்க மாட்டாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மாமா சிரிப்பார், ஆனாலும் சிரித்து முடித்தபின் ஒரு நொடி அவளைப் பார்ப்பார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்கள் எதைத் தேடுகின்றன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இந்த வருடம் பட்டாணி உப்புக்கொத்தி. கைப்பிடிக்குள் அடங்கும் பறவை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கூடு என்று ஒன்றும் கட்டாது. சரளைக் கல்லில் ஒரு குழி, அதில் கல்லோடு கல்லாக நாலு முட்டை. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை வருகிறது என்று பெரிய நிலத்தைச் சமப்படுத்தி, ஜல்லி கொட்டி, வேலி போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். தொழிற்சாலை வரவில்லை, உப்புக்கொத்தி வந்தது.

அக்கா எடுக்க நினைத்த படம் சாதாரணமானதல்ல. உச்சி வெயிலில் அந்த ஜல்லி அடுப்பு மாதிரி கொதிக்கும். அப்போது இந்தப் பறவை குட்டைக்கு ஓடி, வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். முட்டைக்கு அதுதான் குளிர்ச்சி. ஆணும் பெண்ணும் முறை வைத்து நனைந்து நனைந்து வரும். அதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. “எவ்வளவு தண்ணி பிடிக்கும் அந்த வயித்துல? ஒரு ஸ்பூன் இருக்குமா? நுரைப் பஞ்சு மாதிரியா, சாதாப் பஞ்சு மாதிரியா?” என்று பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே கேட்டார். பஞ்சுக்காரருக்கு வரும் சந்தேகம்தான் இது.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் கழுத்தில் கேமராப் பட்டை போட்டிருந்தார். பேச்சு பறவைப் பக்கம் திரும்பியது. “எங்க அக்கா எடுக்காத பறவையா?” என்று ஆரம்பித்தவள், வேலி போட்ட ஜல்லி நிலம் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன். பெருமை வந்தால் எனக்கு நாக்கில் நரம்பு இருக்காது. அவர் நன்றி சொல்லி, கூலிங் கிளாஸ் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முட்டை பொரிய இன்னும் மூன்று நாள் இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். காலை ஏழரைக்கு இருவரும் கூடாரத்துக்குள் போனார்கள், மாமா மட்டும் வெளியே வந்து நூற்றெண்பது அடி எண்ணி நடந்து, அப்படியே கடைக்குப் போய்விட்டார். பன்னிரண்டரைக்கு வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதற்கு மேல் போனால் அவருக்கும் ஆகாது, சர்க்கரை உடம்பு, வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

ஒன்றே காலுக்கு என் போன் அடித்தது. அக்கா. காற்று மாதிரி ஒரு குரல்.

“மாமா உன்கிட்ட வந்தாரா?”

“இல்லையே. அங்க வரலையா?”

“வரல. போனும் எடுக்க மாட்டேங்குறாரு.”

அவர் நேரம் தவறுகிறவர் இல்லை. நான் ஆறு தடவை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. டயர் கடைக்காரரைக் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார். இரண்டு மணிக்கு நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, வெளிய வந்து தேடு. வண்டிய எடுத்துட்டு பன்னெண்டுக்கே கிளம்பிட்டாராம்.”

“இப்ப வந்தா பறவை எழுந்து ஓடிடும்டி. இந்த வெயில்ல பத்து நிமிஷம் விட்டா முட்டை வெந்துடும். மறுபடி வருமான்னும் தெரியாது.”

“அங்க மனுஷன் எங்க விழுந்து கெடக்காரோ தெரியல, நீ முட்டைக்குக் காவல் காக்குறியா? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?”

இப்படித்தான் கேட்டேன். இதைவிட மோசமாகவும் ஒன்று கேட்டேன், அதை எழுத மாட்டேன். போனை வைத்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டும், மாமாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் போனேன்.

வேலிக் கதவுக்குப் பக்கத்தில் மாமாவின் வேன் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே இருக்கையில் போன் கிடந்தது. அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத ஒரு கார். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்ததும், நிலத்தின் இடது கோடியில் நாலு பேர் வரிசையாக நடந்து போவது தெரிந்தது. முன்னால் மாமா, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து எதையோ தேடுகிற மாதிரி. பின்னால் மூன்று பேர், தோளில் குழாய் குழாயாக லென்ஸ். அதில் ஒருவர் என் கூலிங் கிளாஸ்காரர்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பின்னால் தெரிந்த முழுக் கதை இது: மாமா பன்னிரண்டரைக்கு வந்து இறங்கும்போதே இந்த மூவரும் வந்து இறங்கியிருக்கிறார்கள். “இங்க உப்புக்கொத்தி கூடு இருக்காமே?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அக்காவைக் கூப்பிடப் போனால் கூடு எங்கே என்று காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேனுக்குத் திரும்பினால் இவர்கள் தாங்களாகத் தேடுவார்கள், காலடியில் இருக்கும் முட்டையை மிதித்தாலும் தெரியாது. ஆகவே, “வாங்க, எனக்குத் தெரியும்” என்று எதிர்க் கோடிக்கு அழைத்துப் போய்விட்டார். “நேத்து இங்கதான் இருந்துச்சு”, “அந்தக் குழாய்க்குப் பக்கத்துல பாப்போம்” என்று சொல்லிச் சொல்லி இரண்டு மணி நேரமாக, சாப்பாடு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், அந்த வெயிலில் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். அலுத்துப்போய் அவர்களே கிளம்பிவிடுவார்கள் என்று அவர் நினைப்பு.

அப்போதுதான் வலது பக்கம் ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

தொப்பி இல்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. “என்னங்க! என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த நிலத்தில் இருந்த அத்தனை பறவையும் எழும்பியது. பாம்பு வந்தபோது வராதவள், இருபத்தோரு வருட விதியை மிதித்துக்கொண்டு வெட்டவெளியில் ஓடி வருகிறாள். மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் முதலில் மலர்ந்தது, இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அடுத்த நொடியே போ போ என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். அவளுக்கு அது எங்கே புரியப்போகிறது, உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள்.

“அதோ, அந்தக் குவியலுக்குப் பின்னால! அங்கதான் இருக்கு” என்றார் கூலிங் கிளாஸ்காரர். மூன்று பேரும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

“தம்பி, ஒரு நிமிஷம்…” என்றார் மாமா. நெஞ்சில் கையை வைத்தார். முழங்கால் மடிந்தது. அப்படியே ஜல்லியில் சாய்ந்துவிட்டார்.

அக்கா அலறினாள். மூவரும் லென்ஸைத் தரையில் போட்டுவிட்டு அவரிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்திருந்தேன். சாய்வதற்கு முன்னால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிஜமாக மயங்கி விழுகிறவர்கள் கண்ணாடியை மடக்கி வைப்பதில்லை. எங்கள் கடைக்கு அப்படி உடைந்த கண்ணாடிகள் எத்தனை வந்திருக்கின்றன!

உப்புக்கொத்திக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் நரியோ நாயோ வந்தால், இறக்கை முறிந்த மாதிரி தரையில் இழுத்து இழுத்துப் போகும். சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று அதுவும் பின்னாலேயே போகும். கூட்டை விட்டு வெகுதூரம் கொண்டுபோன பிறகு இது ஜம்மென்று பறந்துவிடும். மாமா அதைக் கண்ணால் பார்த்ததில்லை, அக்கா சொல்லக் கேட்டதுதான். இருந்தாலும் பறவையைவிட நன்றாகவே செய்தார்.

ஆனால் கிட்டப் போனதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கை சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது, உதடு வெளுத்திருந்தது. நடிப்பு பாதி, நிஜம் பாதி. என் கையை அழுத்தி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எல்லாரும் வெளிய போயிடணும். ஒருத்தர்கூட இங்க நிக்கக் கூடாது. உங்க அக்காவையும் இழுத்துட்டு வா.”

அந்த மூவரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தன் தண்ணீரை முழுக்க மாமாவின் தலையில் ஊற்றினார், இன்னொருவர் இருந்த பிஸ்கட்டை ஊட்டினார். கூலிங் கிளாஸ்காரர் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் தூக்கி வந்தார். ஐந்து நிமிடத்தில் அந்த நிலத்தில் ஒரு ஆள் இல்லை. உப்புக்கொத்தி திரும்பி வந்ததா, எத்தனை நிமிடம் கழித்து வந்தது, யாருக்கும் தெரியாது. பார்க்க யாரும் இல்லை.

அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனோம். சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் நடந்திருந்தால் நிஜமாகவே விழுந்திருப்பார் என்று டாக்டர் திட்டினார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சண்டை ஆரம்பமானது.

“நீ ஏன் வெளிய வந்த?”

“நீங்க ஏன் போன எடுக்கல?”

“போன் வேன்ல இருந்துச்சு. நான் வரலன்னா உள்ளயே இருக்க வேண்டியதுதானே? அதானே விதி? முட்டை என்னாச்சு?”

“முட்டையாம் முட்டை! பேசாம படுங்க.”

கூலிங் கிளாஸ்காரர் ஓரமாக நின்று இதையெல்லாம் கேட்டார். தன்னை இரண்டு மணி நேரம் சுற்றவிட்ட கதை மெல்லத்தான் அவருக்கு விளங்கியது. கோபப்படுவார் என்று பார்த்தேன். “இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நாங்க நேரா போய் கூட்டுப் பக்கத்துல நின்னு எடுப்போம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், நீங்களாவது அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே” என்றார். அக்காவும் மாமாவும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிடுகிறேன். வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த மூவரும் குஞ்சு பொரித்துக் கிளம்பும்வரை அந்தப் பக்கம் வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றவும் செய்தார்கள். நாங்களும் போகவில்லை. நாலாம் நாள் காலையில் வேலிக்கு வெளியே நின்று அக்கா பெரிய லென்ஸில் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி மூன்று குஞ்சுகள் ஜல்லி மேல் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவும் குனிந்து லென்ஸில் பார்த்தார். நாலாவதைத் தேடினார்கள். தாய் குஞ்சுகளைக் குட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் ஆன பிறகுதான் அக்கா குழிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு முட்டை அப்படியே கிடந்தது.

முட்டை பொரியாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. “நான் வெளிய ஓடி வந்த நேரம்தான்” என்றாள். மாமாவுக்கும் அப்படித்தான் பட்டது. குளிக்கும்போது பஞ்சை நனைத்துக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அக்கா ஆசைப்பட்ட அந்தப் படம் கிடைத்திருந்தது. ஒன்று நாற்பதுக்கு எடுத்தது. வயிற்றிலிருந்து துளி சொட்டச் சொட்ட உப்புக்கொத்தி முட்டை மேல் நிற்கிறது, துளிக்குள் வெயில் தெரிகிறது. எத்தனையோ வருடம் காத்திருந்தாலும் கிடைக்காத படம். அதை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. கூட்டுப் படத்தை வெளியே காட்டினால் நாளைக்கு நாலு பேர் கூட்டைத் தேடிக் கிளம்புவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றை மாமாவிடம் சொன்னாள்: “இத எடுக்கும்போது நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கை தானா அமுக்கிடுச்சு.”

மூன்று வாரம் கழித்து கூலிங் கிளாஸ்காரர் மாமாவின் கடைக்கு வந்தார். தனக்கும் ஒரு கூடாரம் தைத்துத் தர வேண்டும் என்றார். மாமா டேப்பை எடுக்கவில்லை. “கூட யார் வர்றாங்க?” என்று கேட்டார்.

“யாருமில்லைங்க. நான் தனியாத்தான் போவேன்.”

“அப்ப தைக்க முடியாது. போறதுக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. அவருக்குப் பொறுமை இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அளவெடுக்கறேன்.”

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அக்கா டியூட்டி முடிந்து மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, உள்ளே டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வேளை தவற விடுவதில்லை. மாமா வாடிக்கையாளரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். காக்கைக் கணக்கு, சுவரில் இருந்த அடிகள், பறவை தன்னைப் பார்ப்பது, எல்லாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, எங்கள் பழைய கிண்டலை அவருக்கும் சொன்னார். பிறகு கையில் இருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு சிரித்தார்.

“இருபத்தோரு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு சார். இவ மனசுல நம்ம மதிப்பு எவ்வளவுன்னு. இப்பத்தான் தெரிஞ்சுது. ஒரு முட்டை.”

கூலிங் கிளாஸ்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், பரிசு வாங்கியவர் மாதிரி இருந்தது. அக்காவிடம் ஒரு முட்டை என்றால் சும்மாவா?

உள்ளே டப்பா திறக்கும் சத்தம் நின்றது. அக்கா கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

“ஒண்ணு இல்ல” என்றாள். “நாலும். நாலும் போயிடும்னு நெனச்சுத்தான் நான் வெளிய வந்தேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு போட ஆரம்பித்தாள். மாமா அந்த வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலிங் கிளாஸ்காரர் இரண்டு தடவை அளவைப் பற்றிக் கேட்டார், அவர் காதில் அது விழவே இல்லை.